தாத்தா பெட்டியில இருந்த ரெட்டைத் தொப்பி: அத அலசலாமா, வேணாமா?

தம்பி, நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன், அனுப்புன படத்தையும் பாத்தேன். பாட்டி காரியமெல்லாம் முடிஞ்சு தகரப் பெட்டிய தொறந்தப்ப பழைய ஃபெல்ட்டு தொப்பி ஒன்னு கெடச்சிருக்கு, பாத்தா ஒன்னுக்குள்ள ஒன்னு சொருவுன மாதிரி ரெண்டு அடுக்கா இருக்கு, மேல வெள்ளையா பூஞ்சை, விளிம்புல ரெண்டு கருப்பு கறை, மூனு சின்ன ஓட்டை, உள்ள தோல் பட்ட வெடிச்சிருக்கு, பட்டைக்குள்ள ஏதோ பேப்பரு மடிச்சு வச்சிருக்கு. வாஷிங் மெஷின்ல மெதுவா சுத்த விடலாமா, டெட்டால்ல ஊற வைக்கலாமா, வித்தா எத்தன வெள்ளி தேறும்னு மூனு கேள்வி கேட்டிருக்கீங்க. ஆனா நடுவுல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, ரப்பர் தோட்டத்து வெள்ளக்கார தொர ஊருக்கு போறப்ப குடுத்துட்டு போனாருன்னு அப்பா சொல்றாரு, அதெல்லாம் இல்ல தாத்தா சொந்த காசுல ஈப்போவுல வாங்குனாருன்னு அத்த சொல்றாங்கன்னு, எனக்கு என்னமோ அதுதான் நெஜ கேள்வியா படுது. அந்த கேள்விக்கு பதில் இருந்தா அது தொப்பியிலதான் இருக்கும், நீங்க டெட்டால்ல ஊற வச்சா பதிலும் சேந்து கரஞ்சிடும். அதனால மொதல்ல கைய எடுங்க, பெறகு பேசுவோம்.

நான் மலேசியாவுல, ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டுல டோபி கடை வச்சிருக்கேன், அப்பா காலத்து கடை. படிச்சு வந்த வேல இல்ல இது. ஆரம்பத்துல தோட்டத்துல கணக்கு எழுதுன பழைய கிராணிமாருங்க, ஓய்வு பெற்ற வாத்தியாருங்க கல்யாணம் காச்சின்னா தொப்பிய கொண்டாந்து ஆவி காட்டி நிமித்தி குடுப்பான்னு கேப்பாங்க, அப்படி புடிச்ச பழக்கம், இப்ப முப்பது வருஷம் ஆச்சு, கடை மாடியில அறுபதுக்கு மேல தொப்பி கெடக்கு, வீட்டுக்காரம்மா கணக்கு கேக்குறப்ப நாப்பதுன்னு சொல்லுவேன். படத்த வச்சு சொல்றதுக்கு ஒரு எல்லை இருக்கு, கைல தொட்டு பாக்காம நான் அடிச்சு சொல்லக்கூடியது எது, யூகம் எதுன்னு அங்கங்க பிரிச்சே சொல்றேன்.

உறுதியா சொல்லக்கூடியது, அது ரெண்டு தொப்பி மாட்டிக்கிட்டது இல்ல, செய்யும்போதே அப்படி செஞ்சது. டபுள் டெராய்னு பேரு. டெராய்ங்கிறது இமயமலை அடிவாரத்துல இருக்குற காட்டு பூமி, அந்தப் பக்கத்து பேருதான் தொப்பிக்கு வந்துச்சு, கூர்க்கா பட்டாளத்துக்காரங்க இன்னிக்கும் சடங்குக்கு போடுறது இந்த சாதிதான். ரெண்டு ஃபெல்ட்டுக்கு நடுவுல காத்து நிக்கும், வெயில் தலைக்கு எறங்காது. இந்தியாவுலயும் மலாயாவுலயும் தொரமாருங்க இத நெறைய போட்டாங்க. நம்ம ஆளுங்க நெறைய பேரு தொர தொப்பின்னாலே வெள்ள கலர்ல குண்டான் கவுத்த மாதிரி இருக்குமே அதத்தான் நெனைக்கிறாங்க, அது நெட்டியில செஞ்சது, தட்டுனா டொக்கு டொக்குன்னு சத்தம் வரும், அதுக்கும் ஃபெல்ட்டுக்கும் சம்பந்தமே கெடையாது. உங்க படத்துல பக்கவாட்டுல காத்து போக சின்ன இரும்பு வளையம் தெரியுது, உச்சிய சுத்தி மடிப்பு மடிப்பா தலப்பா துணி மாதிரி சுத்தியிருக்கு, டெராய்க்கு அதெல்லாம் சரியாத்தான் பொருந்துது.

இப்ப ஏன் அலசக்கூடாதுன்னு சொல்றேன், காரணம் தெரிஞ்சா நீங்களே செய்ய மாட்டீங்க. ஃபெல்ட்டுங்கிறது நெசவு இல்ல, அதுல பாவும் கெடையாது ஊடும் கெடையாது. முயல், காட்டு முயல், பீவர் இதுங்களோட அடி மயிர எடுத்து (மட்டமான தொப்பின்னா ஆட்டு ரோமம்), ஓட்டை போட்ட பெரிய கூம்பு மேல காத்துல இழுத்து படிய வச்சு, சுடுதண்ணி, ஆவி, அழுத்தம் இது மூனையும் குடுத்து குடுத்து சுருக்குவாங்க. மயிருக்கு மேல மீனு செதிலு மாதிரி நுணுக்கமா செதில் இருக்கும், சூட்டுலயும் ஈரத்துலயும் அசைய அசைய ஒன்னுல ஒன்னு கொக்கி போட்டு மாட்டிக்கும், ஒரு தடவ மாட்டுனது திரும்பி பிரியாது. ஆரம்பத்துல உங்க தொப்பி இப்ப இருக்குறத விட ரெண்டு மூனு மடங்கு பெருசா இருந்திருக்கும். வாஷிங் மெஷின்ல என்ன நடக்குது, தண்ணி, சூடு, அசைவு. அதாவது பாதியில நிறுத்தி வச்ச வேலைய நீங்க மறுபடி ஆரம்பிச்சு வைக்கிறீங்க, வெளிய எடுக்குறப்ப சின்ன புள்ள தலைக்குகூட நுழையாது. அது போக ஃபெல்ட்டு வெறப்பா நிக்கிறதுக்கு பெரும்பாலும் அரக்கு கலந்திருப்பாங்க, மேசை நாற்காலிக்கு தச்சருங்க பாலிஷ் போடுறாங்களே அதே ஷெல்லாக்குதான், அது ஸ்பிரிட்டுல கரையும். டெட்டால்லயும் ஸ்பிரிட்டு இருக்கு, கை கழுவுற சானிடைசர்லயும் இருக்கு. தொடச்ச எடத்துல அரக்கு கரஞ்சு ஓரமா போயி வட்டமா கறை நிக்கும், அந்த வட்டத்த அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது, என்னாலயும்தான்.

இன்னொரு விசயம் பயமுறுத்த சொல்லல, தெரிஞ்சு வச்சுக்க சொல்றேன். அந்த காலத்துல முயல் தோலுல பாதரச நைட்ரேட் தடவிதான் மயிர ஃபெல்ட்டுக்கு பதமாக்குவாங்க, தடவுனா மயிர் நுனி கேரட் கலருக்கு வரும், அதனால அந்த வேலைக்கே கேரட் பேரு வந்துச்சு. தொப்பி பட்டறையில அந்த ஆவிய மூச்சுல இழுத்தவங்களுக்கு கை நடுக்கம், புத்தி தடுமாற்றம் எல்லாம் வந்துச்சு, அமெரிக்காவுல டான்பரின்னு ஒரு தொப்பி ஊரு, அங்க அந்த நடுக்கத்துக்கு ஊரு பேரையே வச்சு கூப்புட்டாங்க. 1941 டிசம்பர்ல தான் அங்க பாதரசத்த தடை பண்ணாங்க. உங்க தொப்பியில பாதரசம் இருக்கா இல்லையான்னு படத்த பாத்து யாரும் சொல்ல முடியாது, வெளிநாட்டு மியூசியத்துல எக்ஸ்ரே கருவி வச்சு பாக்குறாங்க. அதனால நான் வச்சிருக்குற சட்டம், யுத்தத்துக்கு முந்துன தொப்பியா இருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே இருக்குன்னுதான் வச்சுக்கணும். கையுறை, மாஸ்க், வேல வீட்டு பின்வாசல்ல, முடிச்சிட்டு சோப்பு போட்டு கை கழுவணும், புள்ளைங்கள தொட விடக்கூடாது. தலையில போட்டுக்கிட்டு செல்ஃபி எடுக்குற ஆசை இருந்தா அத தயவு செஞ்சு விட்டுடுங்க.

ஓட்டை மூனும் பூச்சி வேல. அந்துப்பூச்சி பறக்குறப்ப ஒன்னும் சாப்பிடாது, அதோட புழுதான் மயிர தின்னும், ரோமம், பட்டு, சிறகு எதுவா இருந்தாலும் விடாது. ஓட்டைக்கு பக்கத்துல மண்ணு மாதிரி நறநறன்னு ஏதாச்சும் இருக்கான்னு வெள்ள பேப்பருல தட்டி பாருங்க, தொப்பி கலர்லயே சின்ன சின்ன உருண்டையா விழுந்தா அது புழுவோட எச்சம், இன்னும் உள்ள உயிரோட இருக்கலாம்னு அர்த்தம். இதுக்கு மருந்து அடிக்க வேணாம், குளிரு போதும். சப்பிப்போகாம அட்டப் பெட்டியில வச்சு, பெட்டிய ரெண்டு பிளாஸ்டிக் பையில போட்டு காத்த வெளிய அமுக்கி இறுக்கி டேப் ஒட்டி, ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க. மைனஸ் 18 டிகிரி இருக்கணும், ஐஸ்கிரீம் கல்லா நிக்கிற ஃப்ரீசரா இருந்தா சரி. மீனும் கறியும் வைக்காத ஃப்ரீசர் கெடச்சா உத்தமம். எடுத்த ஒடனே பைய பிரிக்காதீங்க, இதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, நம்ம ஊரு காத்துல இருக்குற ஈரம் அப்படியே சில்லுன்னு இருக்குற ஃபெல்ட்டுல தண்ணியா எறங்கிடும், ஒரு நாள் முழுக்க மூடுனபடியே வெளிய இருக்கட்டும், பை மேல வேர்க்குறது நின்ன பெறகு பிரிங்க.

பூஞ்சைக்கு பிரஷ்தான். குதிர மயிர் பிரஷ் இருந்தா நல்லது, இல்லாட்டி புதுசா வாங்குன மெத்துன்னு இருக்குற பிரஷ், கறுத்த தொப்பிக்கு போட்டத வெளுத்த தொப்பிக்கு போடாதீங்க. காத்தோட்டமான எடத்துல, மாஸ்க் போட்டுக்கிட்டு, மேல இருந்து பாத்தா கடிகார முள்ளு சுத்துற தெசைக்கு எதுரா மெதுவா இழுங்க, தொப்பியோட மயிரு பொதுவா அந்தப் பக்கம்தான் படிஞ்சிருக்கும். தலையெண்ண பிசுக்கு இருந்தா முல்தானி மிட்டியோ சோள மாவோ தூவி ராத்திரி பூரா விட்டுட்டு காலையில தட்டி பிரஷ் போடுங்க, மாவு எண்ணெய உறிஞ்சிக்கும், ஆனா ஒரு துளி மாவு விடாம எடுக்கணும், இல்லேன்னா அடுத்த பூஞ்சைக்கு நீங்களே சோறு போட்ட மாதிரி. மேலாப்புல இருக்குற அழுக்குக்கு நான் கிரேப் ரப்பர் கட்டி போடுறேன், சுவேட் சப்பாத்து தொடைக்க விக்கிறாங்களே அதேதான். மொதல் தடவ அத கடையில வாங்கி மோந்து பாத்தப்ப எனக்கு சிரிப்பு வந்துருச்சு, எங்கம்மா பால்மரம் வெட்டிட்டு வந்து நின்னா வருமே அந்த வாட.

அந்த ரெண்டு கருப்பு கறைய பத்தி. நீங்க தாருன்னு நெனைக்கிறீங்க, நான் அத ரப்பர் பாலுன்னு நெனைக்கிறேன், பெருசு பண்ணி பாத்தேன், விளிம்புல சொட்டு விழுந்து ஓடி நின்ன மாதிரி இருக்கு, பாலு காஞ்சா நாளாக நாளாக இப்படித்தான் கருத்து தோலு மாதிரி புடிச்சுக்கும். தோட்டத்துல வளந்தவன் சட்டைய பாத்தவனுக்கு சொல்லவே வேணாம். எங்க கடைக்கு வர்ற துணியில ஒட்டுப்பாலு இருந்தா அப்பா வாங்கும்போதே சொல்லிடுவாரு, இது போகாது, போகும்னு சொல்றவன்கிட்ட குடுக்காதன்னு. ஃபெல்ட்டுல அதவிட மோசம், மயிருக்குள்ள எறங்கி காஞ்சது, புடிச்சு இழுத்தா மயிரோட பேந்து வரும், பெட்ரோலு தின்னரு போட்டா கரைஞ்சு இன்னும் அகலமா பரவும், தீப்புடிக்கிற ஆபத்து வேற. அத அப்படியே விடுங்க. சும்மா விடுங்கன்னு சொல்லல, அதுக்கு வேற காரணமும் இருக்கு, கடைசியில வர்றேன்.

தோல் பட்டைக்கு வர்றேன், இங்கதான் நான் வாங்கிக்கட்டிக்கிட்டேன். தொண்ணூறுகள்ல ஒரு ஓய்வு பெற்ற வாத்தியாரு பிரவுன் கலர்ல இத்தாலி தொப்பி ஒன்னு கொண்டாந்தாரு, மக கல்யாணத்துக்கு போடணும்னு, உச்சி சப்பிப்போயிருந்துச்சு. நான் ஆவி காட்டுனேன், ஃபெல்ட்டு வெண்ண மாதிரி எளகி வந்துச்சு, அழகா நிமிந்துச்சு, ஆனா உள்பட்டைய வெளிய மடிச்சு விடாம காட்டிட்டேன், தோலு சூட்டுல சுருங்கி காஞ்ச அப்பளமாட்டம் ஆயிருச்சு, ஏழேகால் சைஸ் தொப்பி ஏழுக்கு வந்து நின்னுச்சு. கல்யாணத்துல மனுசன் அத நெத்திக்கு மேல கிண்ணம் கவுத்த மாதிரி வச்சுக்கிட்டு நின்னாரு, ஒரு வார்த்த சொல்லல, எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமா போச்சு. அதனால விளிம்ப நிமித்த ஆசைப்பட்டா பட்டைய முழுசா வெளிய இழுத்து விட்டுட்டு, கேத்தல் மூக்குல இருந்து ஒரு சாண் தள்ளி புடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா காட்டுங்க, ஃபெல்ட்டு நனையக்கூடாது, எளகுனா போதும், கையால வடிவத்துக்கு கொண்டாந்து ஆற விடுங்க. பழைய தொப்பியில சூடு பட்டா பாதரசம் ஆவியா வரலாம், அதனால இத கண்டிப்பா வெளிய காத்துல நின்னு செய்யணும், இல்லன்னா செய்யவே வேணாம். உங்க தொப்பிக்கு நான் வேணாம்னுதான் சொல்லுவேன், விளிம்பு அலையலையா இருந்தா இருந்துட்டு போகட்டும், எண்பது தொண்ணூறு வயசு கெழவன் முதுகு நிமிரலன்னு யாரும் கோவப்பட மாட்டாங்க.

பட்டைய வெரலால லேசா தடவி பாருங்க. செங்காவி தூளு மாதிரி வெரல்ல ஒட்டுனா தோலு உள்ளுக்குள்ளயே மக்கிப்போச்சு, அத திருப்ப முடியாது, எண்ண தடவுனா கறுத்துப்போயி இன்னும் சீக்கிரம் கிழியும். தூளு வரலன்னா, வெறும் காஞ்சதா இருந்தா, தோலுக்குன்னு விக்கிற கண்டிஷனர் துணியில தொட்டும் தொடாம தடவலாம். தேங்கா எண்ண, பேபி எண்ண, வேணவே வேணாம், ஃபெல்ட்டுல எறங்கி சிக்கு வாட அடிக்கும். சில பேரு பட்டைய பிச்சுட்டு புதுசு தச்சு குடுப்பாங்க, நானும் செய்வேன், பழைய ஊசி ஓட்டையிலயே நூல விட்டு தைக்கணும், புதுசா ஓட்டை போட்டா ஃபெல்ட்டு கிழியும். ஆனா போட்டுக்க போற தொப்பிக்குத்தான் அந்த வேல. ஓட்டை அடைக்கிறது எனக்கு சரியா வராது, ரெண்டு தடவ முயற்சி பண்ணி ரெண்டு தடவையும் ஒட்டு போட்ட மாதிரிதான் தெரிஞ்சுச்சு, அதனால உங்களுக்கு சொல்லித்தர எனக்கு தகுதியில்ல.

வைக்கிற எடத்துக்கு ஒரே ஒரு விசயம் அழுத்தி சொல்றேன். அந்துருண்ட போடாதீங்க. நம்ம நாட்டுல புள்ள பொறந்த ஒடனே ஜி6பிடின்னு ரத்தத்துல ஒரு என்சைம் கொறச்சலா இருக்கான்னு பாக்குறாங்க இல்ல, அந்த கொறபாடு இருக்குற புள்ளைக்கு நாப்தலின் வாட பட்ட துணியே ரத்த அணுவ ஒடைக்கும், மஞ்சக்காமால முத்தும். வீட்டுல கைப்புள்ள இருக்குன்னு எழுதியிருக்கீங்க. காத்து போற அட்டப் பெட்டியில, வெள்ள டிஷ்யூ பேப்பர் உருண்ட வச்சு, உச்சி கீழ இருக்குற மாதிரி கவுத்து வைங்க, விளிம்பு தரையில படுத்தா சப்பிரும். கேமராக்காரங்க வச்சிருக்குற ஈரம் உறிஞ்சுற பெட்டி வாங்க முடிஞ்சா 50 கிட்ட வச்சு விடுங்க, 65 சதவீதத்துக்கு மேல ஈரம் நின்னா பூஞ்சை திரும்பி வரும், நம்ம ஊரு சும்மாவே எண்பதுல நிக்கிது.

வெலைக்கு வருவோம், நம்பர் கேட்டீங்க, குடுக்க மாட்டேன். ஈப்போ ஞாயித்துக்கெழம சந்தையில நான் 30 வெள்ளிக்கு டெராய் வாங்கியிருக்கேன், அதே மாதிரி ஒன்னுக்கு பினாங்கு லோரோங் கூலிட்டுல பத்து மடங்கு கேட்டு நான் திரும்பி வந்திருக்கேன், ரெண்டும் வெல இல்ல, அன்னிக்கு எதுர நின்ன ஆளுங்களோட தேவ. பூச்சி ஓட்டை, மக்குன பட்ட, சின்ன சைஸ், இது மூனும் வெலைய எறக்கும். சைஸ்னு சொன்னதும் ஒன்னு, இங்கிலீஷ்காரன் தொப்பியில ஏழே அரைக்கால்னு இருந்தா அமெரிக்காக்காரன் தொப்பியில அது ஏழேகால், ரெண்டும் 58 சென்டிமீட்டர்தான், கொழம்பிக்காதீங்க.

சைஸு உங்க அப்பா அத்த சண்டைக்கும் வேணும். பட்டையில தங்க எழுத்து ஏதாச்சும் மிச்சம் இருக்கான்னு டார்ச் லைட்ட சாச்சு அடிச்சு பாருங்க, செஞ்ச கம்பெனி பேரு ஒன்னு இருக்கும், பல தடவ வித்த கடை பேரும் சேத்து அடிச்சிருப்பாங்க, ராபின்சன், வைட்டவே மாதிரி அந்த காலத்து பெரிய கடைங்க. கடை பேரு இருக்குறதனால தாத்தா வாங்குனாருன்னு ஆயிடாது, தொரயும் அங்கதான் வாங்குவாரு. பட்டையில ரெண்டெழுத்து இங்கிலீஷ்ல குத்தியிருந்தா அது போட்டவன் பேரு, தாத்தா பேருக்கு ஒத்து வருதா பாருங்க. ரப்பர் பாலு கறைக்கு இப்ப வர்றேன். வெள்ளக்காரத் தொரையும் மரத்தடியில நின்னிருப்பாரு, அவர் மேலயும் தெறிச்சிருக்கலாம், ஆனா பாலு நிறுக்குற ஸ்டோர்ல தெனம் வாளிக்கு பக்கத்துல குனிஞ்சு நின்னு கணக்கு எழுதுனது உங்க தாத்தா மாதிரி கிராணிதான், விளிம்போட முன்பக்கத்துல சொட்டு விழுறதுக்கு அதுதான் தோதான எடம். இது யூகம், சாட்சி இல்ல. தொர குடுத்திருந்தாலும் தாத்தா அத பெட்டிக்குள்ள பூட்டி வைக்கல, வேலைக்கு போட்டுட்டு போயிருக்காருன்னு மட்டும் நான் நம்புறேன். எங்க பக்கத்துல 1948 ஜூன்ல கம்யூனிஸ்டுங்க மூனு தொரமார சுட்டு அவசரகாலம் வந்ததுக்கு பெறகும், அப்புறம் அம்பதுகள்ல தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டத்த துண்டு துண்டா வித்தது, நடந்தப்பவும், வீட்டு சாமான விட்டுட்டு கெளம்புன தொரமாருங்க உண்டு, அதனால அப்பா சொல்றது நடக்காத கத இல்ல.

ஆனா எல்லாத்தையும் விட எனக்கு கண்ணு அந்த மடிச்ச பேப்பர் மேலதான். தூக்கி போட்டுடலாமான்னு கேட்டிருக்கீங்க, நல்ல வேளை கேட்டீங்க. தொப்பி தலைக்கு பெருசா இருந்தா பட்டைக்கு உள்ள நியூஸ் பேப்பர நாலா மடிச்சு சொருவி சரி பண்ணிக்குவாங்க, எங்கிட்ட இருக்குறதுல ஏழெட்டு தொப்பியில அப்படி இருந்துச்சு. சொந்த தலைக்கு அளவு பாத்து காசு குடுத்து வாங்குனவன் பேப்பர் வைக்க மாட்டான், அடுத்தவன் தலைக்கு செஞ்சது கைக்கு வந்தாத்தான் அந்த தேவ வரும் (பழைய தொப்பிய மலிவா வாங்கியிருந்தாலும் இதே கததான், அத மறக்க கூடாது). அது இங்கிலீஷ் பேப்பரா இருந்தா வச்சது யாருன்னு தெரியாது, தொரைக்கு முந்துன வேற ஒரு தொரையாகூட இருக்கலாம், தாத்தாவுக்கும் இங்கிலீஷ் தெரிஞ்சிருக்கும். தமிழ் பேப்பரா இருந்தா வேற மாதிரி. தமிழ் நேசன் 1924ல ஆரம்பிச்சது, தமிழ் முரசு 1935ல, ரெண்டுல எதோட துண்டா இருந்தாலும் வச்ச கை நம்ம ஆளு கை. வெரலால இழுக்காதீங்க, காஞ்ச பேப்பரு மடிப்புல ஒடஞ்சுரும். ஃப்ரீசர் வேல முடிஞ்ச பெறகு, பட்டைய மெதுவா வெளிய மடிச்சு, வழவழன்னு இருக்குற தபால் அட்ட மாதிரி ஒன்ன பேப்பருக்கு அடியில சொருவி அட்டையோட சேத்து எடுங்க, வரலன்னா உட்ருங்க. வந்துச்சுன்னா பிரிக்க வேணாம், வெளிய தெரியிற பக்கத்த மட்டும் பகல் வெளிச்சத்துல ரெண்டு பக்கமும் படம் புடிங்க, தேதி இல்லாட்டியும் சினிமா வெளம்பரமோ ரப்பர் வெலையோ இருந்தா வருசத்த கிட்ட புடிச்சிரலாம், ஒரு ராத்தல் எத்தன காசுன்னு போட்டிருந்தாகூட போதும். படத்த அனுப்புங்க, அப்பாகிட்டயும் அத்தைகிட்டயும் அதுவரைக்கும் ஒன்னும் சொல்லாதீங்க.